டாக்காவின் வயது என்ன, அது எப்படித் தலைநகர் ஆனது?

உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. டாக்காவுக்கு 400 வயது என்று ஓரிடத்திலும் ஆயிரம் வயது என்று இன்னோரிடத்திலும் படித்திருக்கிறீர்கள், எது சரி என்பது ஒன்று. 1971-ல் வங்கதேசம் பிறந்தபோது, கடலும் துறைமுகமும் உள்ள சிட்டகாங்கை விட்டுவிட்டு உள்நாட்டில் கிடக்கும் இந்த ஊரை ஏன் தலைநகர் ஆக்கினார்கள் என்பது இரண்டாவது. வேலையாகப் போகும்போது ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் எதைப் பார்ப்பது என்பது கடைசி. முதல் இரண்டும் உண்மையில் ஒரே கேள்விதான். இது பழைய தலைநகரா, அரசியல் விபத்தில் தலைநகர் ஆன ஊரா என்று கேட்கிறீர்கள். பழைய தலைநகர்தான். ஆனால் அந்தப் பட்டத்தை நான்கு நூற்றாண்டுகளில் பலமுறை பெற்று, பலமுறை பறிகொடுத்த ஊர். பட்டம் வந்தபோதெல்லாம் ஊர் வீங்கியது, போனபோதெல்லாம் சுருங்கியது. டாக்காவின் வரலாற்றை இப்படிப் படித்தால்தான் பிடிபடும்.

நான் வரலாறு படித்தவன் அல்ல. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலிலிருந்து அங்கே மெர்ச்சண்டைசராகப் போய், பையிங் ஆபீஸ் வேலையாக டாக்காவை அடுத்த நாராயண்கஞ்சுக்கும் காஜிப்பூருக்கும் அலைந்து பல வருடங்கள் இருந்தவன். டாக்கா டிராஃபிக்கில் காரில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஒருவர் ஊரின் முழு வரலாற்றையும் படித்துவிடலாம். நான் அதைத்தான் செய்தேன். வங்காளி பேசுவேன், தட்டுத்தடுமாறிப் படிப்பேன். பாரசீகம் தெரியாது. ஆகவே முகலாயர் காலத்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அதை ஆராய்ந்தவர்கள் எழுதியதை நம்பிச் சொல்வது.

முதலில் வயது. கல்லில் வெட்டிய ஆதாரம் வேண்டுமென்றால், பழைய டாக்காவின் நாரிந்தாவில் பினத் பீபி மசூதி என்று ஒன்று உண்டு. அதன் கல்வெட்டு ஹிஜ்ரி 861, அதாவது 1457-ஐச் சொல்கிறது. முகலாயர் வருவதற்கு நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே மசூதி கட்டும் அளவுக்கு அங்கே குடியிருப்பு இருந்தது என்பதற்கு அது போதும். ஆயிரம் வருடக் கணக்கு பெரும்பாலும் டாக்கேஸ்வரி கோயிலை வைத்து வருவது. சேன வம்சத்து பல்லால சேனன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டினான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கோயில் பழமையானது, அதில் தகராறு இல்லை. ஆனால் இன்று நாம் பார்க்கும் கட்டடத்தில் அந்தக் காலத்துக்குச் சாட்சி சொல்லும் எதுவும் இல்லை. 400 வருடக் கணக்கு ஊரின் வயது அல்ல, தலைநகர்ப் பட்டத்தின் வயது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் சுபேதார், அதாவது மாகாண ஆளுநர், இஸ்லாம் கான் சிஷ்தி வங்காளத்தின் தலைநகரை இன்றைய ஜார்கண்டில் உள்ள ராஜ்மஹாலிலிருந்து இங்கே மாற்றி ஜஹாங்கீர்நகர் என்று பெயரிட்டார். 1608 என்று சிலரும் 1610 என்று சிலரும் எழுதுகிறார்கள். அவருடைய படையெடுப்பின் போக்கைப் பார்த்தால் 1610-தான் பொருந்துகிறது என்பது எனக்கு நம்பிக்கையாகப் பட்ட வாதம்.

ஏன் இங்கே வந்தார் என்பதில்தான் சுவாரசியம். கிழக்கு வங்காளம் அன்று முகலாயருக்கு முழுதாக அடங்கவில்லை. சோனார்காவைச் சுற்றி பாரோ புயான்கள் எனப்பட்ட நிலக்கிழார்கள், ஈசா கானும் அவர் மகன் மூசா கானும் தலைமை தாங்க, தண்ணீரை அரணாக வைத்துக்கொண்டு டெல்லிக்குத் தண்ணி காட்டினார்கள். மழைக்காலத்தில் வயல், ஆறு, பாதை எல்லாம் ஒரே நீர்ப்பரப்பு. குதிரைப்படைக்கு அங்கே என்ன வேலை? படகுப்படை வேண்டும், அந்தப் படை வெள்ளத்தில் முழுகாமல் தங்க மேடான இடமும் வேண்டும். வடக்கே இருந்து இறங்கும் மதுப்பூர் செம்மண் மேட்டின் தென்கோடி முனை டாக்கா. ஒரு பக்கம் புரிகங்கா ஆறு, கொஞ்சம் கிழக்கே ஷிதலக்யா ஆறு, அங்கிருந்து மேக்னா ஆறு. காஜிப்பூர் பக்கம் ஃபேக்டரிக்கு அஸ்திவாரம் தோண்டும்போது சிவப்பு மண் வரும், நாராயண்கஞ்சில் தோண்டினால் சாம்பல் நிற வண்டல் வரும். இஸ்லாம் கான் தேடியது அந்தச் சிவப்பு மண்ணைத்தான் என்று சொன்னால் பெரிய பிழை இருக்காது. அரக்கான் (இன்றைய மியான்மரின் மேற்குக் கரை) மக்களும் போர்த்துக்கீசியக் கொள்ளையரும் ஆற்று வழியே ஏறி வராமலிருக்க ஹாஜிகஞ்ச், சோனாகந்தா, இத்ராக்பூர் என்று ஆற்றங்கரைக் கோட்டைகள் பின்னால் எழுந்தன. மூன்றும் இன்னும் நிற்கின்றன.

பட்டம் நிலைக்கவில்லை. 1639-ல் ஷாஜஹானின் மகன் ஷா ஷுஜா தலைநகரைத் திரும்ப ராஜ்மஹாலுக்குக் கொண்டுபோனார். 1660-ல் மீர் ஜும்லா மறுபடி டாக்காவுக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் வந்த ஷாயிஸ்தா கான் காலம்தான் முகலாய டாக்காவின் உச்சம். 1666-ல் சிட்டகாங்கை அரக்கானிடமிருந்து பிடித்தவர் அவர். உங்கள் சிட்டகாங் கேள்விக்கு இந்த வருடத்தை நினைவில் வையுங்கள், டாக்கா முதலில் தலைநகர் ஆனபோது சிட்டகாங் முகலாயர் கையிலேயே இல்லை. ஔரங்கசீப்பின் மகன் ஆஜம் 1678-ல் தொடங்கிய லால்பாக் கோட்டையை ஷாயிஸ்தா கான் முடிக்காமல் விட்டார். தன் மகள் பரி பீபி அங்கே இறந்ததால் இடம் ராசியில்லை என்று விட்டதாக கைடுகள் சொல்வார்கள். கல்லறை உண்மை, கோட்டை பாதியில் நிற்பது உண்மை, இரண்டுக்கும் நடுவில் உள்ள காரணம் கதை. ஒரு ரூபாய்க்கு எட்டு மணங்கு (வங்காளக் கணக்கில் ஒன்று சுமார் 37 கிலோ) அரிசி விற்ற காலம் என்று பழைய டாக்காக்காரர்கள் இன்றும் அவரைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். பிறகு திவான் முர்ஷித் குலி கான் வருவாய் அலுவலகத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு பின்னால் முர்ஷிதாபாத் ஆன ஊருக்குப் போனார். 1717-க்குள் தலைநகரும் அங்கே போய்விட்டது.

அதிகாரம் போன பிறகும் ஊரைக் கொஞ்ச காலம் தாங்கியது துணி. மஸ்லின் பற்றி நம் ஊரில் எல்லோரும் இரண்டு கதை கேட்டிருப்போம். ஒரு புடவை தீப்பெட்டிக்குள் அடங்கும் என்பது ஒன்று, வெள்ளைக்காரர்கள் நெசவாளர்களின் கட்டைவிரலை வெட்டினார்கள் என்பது இன்னொன்று. தொழிலில் இருப்பவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். மேக்னா கரையில் மட்டும் நன்றாக விளைந்த ஃபூட்டி கர்பாஸ் என்ற பருத்தியின் குட்டை இழையை, காற்றில் ஈரம் இருக்கும் காலை நேரத்தில் கையால் நூற்று, குழித்தறியில் நெய்தார்கள். இன்று மில்லில் யாரும் அந்தக் குட்டை இழையைத் தொட மாட்டார்கள், அறுந்து அறுந்து போகும். ஈரமும் விரலும் சேர்ந்து அதைச் சாத்தியமாக்கின. ஆப்ரவான், ஷப்னம் என்று ஓடும் நீருக்கும் பனித்துளிக்கும் பொருந்தும் பெயர்களில் ரகங்கள் விற்றன. பூ வேலை செய்த ரகமான ஜம்தானி மட்டும் ஷிதலக்யா கரையில் பிழைத்துக் கிடக்கிறது, யுனெஸ்கோ 2013-ல் அதைப் பட்டியலில் சேர்த்தது.

கட்டைவிரல் கதைக்கு நேரடிச் சாட்சி இல்லை. வில்லியம் போல்ட்ஸ் என்ற ஈஸ்ட் இந்தியா கம்பெனி அதிகாரி 1772-ல் அச்சிட்ட நூலில் இருப்பது வேறு. பட்டு நூல் சுற்றுபவர்கள், கம்பெனிக்குக் கட்டாய வேலை செய்வதிலிருந்து தப்பிக்கத் தங்கள் கட்டைவிரலைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள் என்றுதான் அதில் இருக்கிறது. பட்டுக்காரர்கள் செய்தது மஸ்லின்காரர்களுக்குச் செய்யப்பட்டதாக மாறிவிட்டது. என்னைக் கேட்டால், போல்ட்ஸ் எழுதியது கதையைவிடக் கொடூரம். மஸ்லினைக் கொன்றது கத்தி அல்ல. முன்பணம் கொடுத்து நெசவாளியைக் கட்டிப்போட்டு, விலையை கம்பெனி குமாஸ்தா வைத்தான். நவாபுகளும் டெல்லி தர்பாரும் வாங்கும் சக்தியை இழந்தார்கள். இங்கிலாந்து வரி போட்டது, பிறகு மான்செஸ்டர் மெஷின் துணி வந்தது. டாக்காவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன மஸ்லின் 1787-ல் 30 லட்சம் ரூபாய் மதிப்பு, 1817-ல் அடியோடு நின்றது.

ஊர் எவ்வளவு சுருங்கியது என்பதில் எண்கள் சண்டை போடும். ஒன்றரை லட்சம் பேர் முப்பது, நாற்பதாயிரமாகக் குறைந்தார்கள், காடும் மலேரியாவும் ஊருக்குள் நுழைகின்றன என்று 1840-ல் ஆங்கிலேய அதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யன் லண்டனில் சாட்சி சொன்னார். இது எல்லா இடத்திலும் மேற்கோளாக வரும். ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில் டாக்காவிலேயே இருந்து எழுதிய சிவில் சர்ஜன் ஜேம்ஸ் டெய்லர் தரும் எண் 60 ஆயிரத்துக்கு மேல். 1872 மக்கள்தொகைக் கணக்கில் 69 ஆயிரத்துச் சொச்சம். எனக்கு டெய்லர் பக்கம்தான் நம்பிக்கை. எந்த எண்ணை எடுத்தாலும் ஊர் பாதிக்கு மேல் காலியானது என்பது மாறாது.

இந்த இடத்தில் நம் கடலுக்கும் டாக்காவுக்கும் ஒரு பழைய தொடர்பைச் சொல்லியாக வேண்டும். பழைய டாக்காவில் ஷாங்காரி பஜார் என்று ஒரு சந்து, சங்கு அறுப்பவர்களின் தெரு. வங்காள இந்துப் பெண்கள் கல்யாணத்தில் போடும் வெள்ளைச் சங்கு வளையல் அங்கே அறுபட்டது. சங்கு வந்தது மன்னார் வளைகுடாவிலிருந்து. தூத்துக்குடியிலும் ராமேஸ்வரத்திலும் யாழ்ப்பாணக் கடலிலும் சங்கு குளித்து எடுத்தது கப்பலேறி வங்காளத்துக்குப் போகும். பிறைநிலா மாதிரி வளைந்த பெரிய இரும்பு ரம்பத்தை, தரையில் உட்கார்ந்து, காலால் சங்கைப் பிடித்துக்கொண்டு இரு கையாலும் தள்ளித் தள்ளி அறுப்பார்களாம். இப்போது கரண்ட் மெஷின், இரைச்சலும் வெள்ளைத் தூசியும் மட்டும் மிச்சம். வீடுகள் முன்பக்கம் ஒரு கடை அகலம்தான், உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். 1971 மார்ச் 26-ல் பாகிஸ்தான் ராணுவம் இந்தத் தெருவுக்குள் புகுந்து சுட்டுத் தள்ளியது. தப்பியவர்களில் பலர் திரும்பி வந்து அதே வீடுகளில் அதே தொழிலைத் தொடங்கினார்கள்.

மூன்றாம் முறை பட்டம் வந்தது 1905-ல். வைஸ்ராய் கர்சன் வங்காளத்தைப் பிரித்து, கிழக்கு வங்காளம்–அசாம் என்ற புது மாகாணத்துக்கு டாக்காவைத் தலைநகர் ஆக்கினார். பழைய ஊருக்கு வடக்கே ரம்னாவில் கர்சன் ஹால், கவர்னருக்கு மாளிகை, அதிகாரிகளுக்கு பங்களாக்கள் என்று ஒரு புது ஊரே எழுந்தது. 1906-ல் முஸ்லிம் லீக் பிறந்ததும் இந்த ஊரில்தான். ஆறே வருடம். 1911 டிசம்பரில் டெல்லி தர்பாரில் பிரிவினையை ரத்து செய்தார்கள், பட்டம் மறுபடி போனது. அதற்கு ஈடாகக் கிடைத்ததுதான் 1921-ல் தொடங்கிய டாக்கா பல்கலைக்கழகம். காலியாகக் கிடந்த அந்த மாகாணக் கட்டடங்களில்தான் அது குடியேறியது. இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய 1924-ஆம் வருடக் கட்டுரை அங்கே வாத்தியாராக இருந்தபோது எழுதியது. இந்த ஈட்டுத்தொகைதான் பின்னால் ஊரின் தலையெழுத்தையே மாற்றியது.

1947-ல் கிழக்கு வங்காளம் பாகிஸ்தானோடு போனபோது கல்கத்தா இந்தியாவில் நின்றுவிட்டது. ஒரே ராத்திரியில் தலைமைச் செயலகம், சட்டசபை, ஹைகோர்ட் வைக்க இடம் வேண்டும். உங்கள் சிட்டகாங் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. சிட்டகாங்கில் துறைமுகமும் ரயில்வே தலைமையகமும் இருந்தன, ஆனால் அது நாட்டின் தென்கிழக்கு மூலை. டாக்கா நடுவில் இருந்தது, எல்லா ஆற்று வழியும் அங்கே வந்து சேர்ந்தன, 1905-ன் கட்டடங்கள் தயாராக நின்றன. ஹைகோர்ட் பழைய கவர்னர் மாளிகையில் உட்கார்ந்தது. ஈடன் பெண்கள் கல்லூரிக் கட்டடத்தைத் தலைமைச் செயலகம் எடுத்துக்கொண்டது. சட்டசபை பல்கலைக்கழகத்தின் ஜகன்னாத் விடுதி மண்டபத்தில் கூடியது. மாணவர்களையும் சட்டசபையையும் அடுத்தடுத்து வைத்ததன் விளைவு 1952 பிப்ரவரி 21-ல் தெரிந்தது. உருது மட்டுமே ஆட்சிமொழி என்பதை எதிர்த்து, தடையை மீறிச் சட்டசபைப் பக்கம் கிளம்பிய மாணவர்கள் மீது போலீஸ் சுட்டது. அந்தத் தேதியைத்தான் 1999-ல் யுனெஸ்கோ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. நம் பள்ளிகளில் கொண்டாடும் நாள் அதுதான்.

ரம்னா குதிரைப் பந்தய மைதானத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். உருது மட்டுமே என்று ஜின்னா 1948 மார்ச்சில் கூட்டத்தில் அறிவித்தது அங்கே. 1971 மார்ச் 7-ல் வங்காளிகளின் தலைவர் ஷேக் முஜிப் பேசியது அங்கே. மார்ச் 25 இரவு ராணுவம் அதன் அடுத்த பக்கத்துப் பல்கலைக்கழக விடுதிகளுக்குள் புகுந்தது. டிசம்பர் 16-ல் பாகிஸ்தான் தளபதி நியாஜி, இந்திய ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோராவிடம் சரணடைந்து கையெழுத்துப் போட்டதும் அதே மைதானத்தில். இன்று அது சுஹ்ரவர்தி உத்யான் என்ற பூங்கா, சாயங்காலம் போனால் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். 1971-ல் யாரும் உட்கார்ந்து தலைநகர் எது என்று தேர்வு செய்யவில்லை. போராட்டமே இந்த நகரத்தில் நடந்தது, அரசியல் சாசனம் அதை எழுத்தில் போட்டது, அவ்வளவுதான். முந்தைய முறைகளில் பட்டம் ஆக்ராவிலிருந்தோ சிம்லாவிலிருந்தோ வந்தது. இந்த முறை உள்ளூர்க்காரர்களே எடுத்துக்கொண்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால் புது நாட்டின் நாடாளுமன்றத்தைக் கட்டத் தொடங்கியது பாகிஸ்தான்தான். வங்காளிகளைச் சமாதானப்படுத்த பாகிஸ்தான் அதிபர் அயூப் கான் டாக்காவை 'இரண்டாம் தலைநகர்' என்றார். மஸ்ஹருல் இஸ்லாம் என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர், தன்னிடம் வந்த வேலையை உலகத்தரமானவருக்குக் கொடுங்கள் என்று விட்டுக்கொடுக்க, 1962-ல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் வந்தார். போரால் வேலை நடுவில் நின்றது, 1974-ல் கான் இறந்தார், கட்டடம் முடிந்தது 1982-ல். பக்கத்தில் போய்ப் பார்த்தால் சாம்பல் கான்கிரீட்டில் ஐந்தடிக்கு ஒரு வெள்ளைப் பளிங்குக் கோடு ஓடும். அழகுக்கு என்று நினைப்போம். ஒரு தடவையில் ஐந்தடிதான் கான்கிரீட் போட முடிந்தது, அந்த ஒட்டு தெரியாமலிருக்கப் பளிங்கு வைத்தார்கள். போரில் விமானிகள் மேலிருந்து பார்த்து ஏதோ பழைய இடிபாடு என்று குண்டு போடாமல் போனார்கள் என்று சொல்வார்கள். நல்ல கதை, ஆதாரம் கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகான ஐம்பது வருடத்தை வேகமாகச் சொல்லலாம்: பட்டம் கிடைத்தால் ஊர் வீங்கும் என்ற பழைய கணக்கு, இந்த முறை கட்டுக்கடங்காமல். மக்கள்தொகை எவ்வளவு என்று தேடினால் ஒரு கோடி, இரண்டு கோடி, மூன்றரைக் கோடிக்கு மேல் என்று மூன்று பதில் வரும். மூன்றும் பொய்யில்லை, எல்லைதான் வேறு. வடக்கு, தெற்கு இரண்டு மாநகராட்சிகளும் சேர்ந்து 2022 கணக்கில் ஒரு கோடிக்குச் சற்று மேல். சுற்றியுள்ள புறநகர்களோடு இரண்டு கோடியைத் தாண்டும். ஐ.நா. 2025-ல் எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவுகோலில், தொடர்ந்து கட்டடம் இருக்கும் பரப்பையெல்லாம் ஒரே நகரமாக எண்ணியபோது சுமார் 3.7 கோடி வந்தது, ஜகார்த்தாவுக்கு அடுத்த இடம். அந்தக் கணக்கில் நாராயண்கஞ்சும் காஜிப்பூரும் டாக்காதான். தினமும் அந்தச் சாலையில் போனவன் என்ற முறையில் அதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, நடுவில் ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடம் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. எல்லோரும் சிவப்பு மண் மேட்டில் இருக்க முடியுமா? கிழக்கே சதுப்பு நிலத்தில் மண் கொட்டி பிளாட் போட்டார்கள். முகலாயர் காலத்துத் தோலாய் கால்வாய் இன்று ரோடு, அதன்மேல் பழைய வண்டி பார்ட்ஸ் கடைகள். ஒரு மணிநேர மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்பதன் காரணம் வேறெங்கும் இல்லை. டாக்காவுக்குள் இருந்த ஹஜாரிபாக் தோல் பதனிடும் ஆலைகளை 2017-ல் சாவருக்கு மாற்றிய பிறகும் புரிகங்கா தேறவில்லை, கோடையில் படகில் ஏறினால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள்தான் என்றால் வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வார விடுமுறை அதுதான், காலையில் ரோடு காலியாக இருக்கும். ஏழு மணிக்கே புரிகங்கா படகுத்துறையான சதர்காட் போய் லாஞ்சுகள் வந்து சேர்வதைப் பாருங்கள். பத்மா பாலம் 2022-ல் திறந்த பிறகு கூட்டம் குறைந்துவிட்டது, இருந்தாலும் தென்மாவட்டங்களிலிருந்து இரவெல்லாம் வந்த மூன்றடுக்குப் படகுகள் இடித்துக்கொண்டு கரைதட்டும் காட்சி வேறெங்கும் கிடைக்காது. அங்கிருந்து நடந்தே ஷாங்காரி பஜார், பிறகு 1781-ன் ஆர்மீனியத் தேவாலயம். வழியில் பாக்கர்கானி ரொட்டி சுடும் அடுப்பு கண்ணில் பட்டால் சூடாக ஒன்று வாங்கி டீயில் நனைத்துச் சாப்பிடுங்கள். மதியத்துக்கு மேல் லால்பாக், சாயங்காலம் கர்சன் ஹாலும், 1952-ல் இறந்தவர்களின் நினைவுச் சின்னமான ஷஹீத் மினாரும், எல்லாம் ரிக்‌ஷா தூரம். ஜும்மா தொழுகை நேரத்தில் பழைய ஊருக்குள் வண்டி எடுக்காதீர்கள். பழைய கைடு புத்தகத்தில் தான்மண்டி 32-ஆம் எண் முஜிப் வீடு இருக்கும், 2025 பிப்ரவரியில் அதை இடித்துவிட்டார்கள். லூயி கான் கட்டடத்துக்குள் நினைத்தவுடன் போக முடியாது, மானிக் மியா அவென்யூவில் நின்று பார்க்கலாம். நீங்கள் உத்தரா பக்கம் தங்கினால் மெட்ரோவில் ஏறி ஃபார்ம்கேட்டில் இறங்குங்கள், அங்கிருந்து நடை தூரம். வெள்ளிக்கிழமை மட்டும் மெட்ரோ மதியத்துக்குப் பிறகுதான் ஓடும் என்பதால், போகும் வாரத்தில் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.